டிராக்டர் நிற்குமிடத்திற்கு ஜல்லித் தளம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் நிலத்தில் நிறுத்திய டிராக்டரைக் காலையில் வெளியே எடுக்கப் படும் பாட்டை உழவர்கள் நன்கறிவர். பஞ்சாயத்தின் குப்பை வண்டிக்கும் இதே கதிதான். கரிசல் நீரை உறிஞ்சி உப்பும்; எளிதில் வடியவிடாது. சக்கரம் புதையும், ஈரத்திலேயே நிற்கும் டிரெயிலரின் அடித்தகடு துருவேறும்.

இதற்குக் கல் தளம் ஏற்றது. ஆனால் 'கிராவல்' என நம் பக்கத்தில் விற்கும் செம்மண் சரளையைக் கொட்டிவிட்டு, நீர் வடியவில்லையே என்று வருந்திப் பயனில்லை. அது பாதைக்கு உகந்தது. இறுகிக் கெட்டிப்படுமேயன்றி நீரை உள்ளே விடாது. வேண்டுவது தூளற்ற கருங்கல் ஜல்லி. கற்களுக்கிடையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருப்பதால், 15 செ.மீ. கனமுள்ள தளம் 5 செ.மீ. மழையைத் தன்னுள் தாங்கும்.

தாங்கிய நீர் போக வழி வேண்டுமன்றோ? மணற்பாங்கான நிலமாயின் கீழிறங்கிவிடும். கரிசலிலோ, ஜல்லி பரப்புமுன் அடிமண்ணையே 50 அடிக்கு 1 அடி வீதம் சாய்த்து, தாழ்ந்த ஓரத்தில் வாய்க்கால் வெட்டுதல் வேண்டும். மேற்பரப்பைச் சாய்த்தால் போதுமென்று பலர் எண்ணுவதை நாம் காண்கிறோம், அது போதாது. மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே நீர் கசியும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்தால் சேறு மேலேறாது. நீர் இறங்குமிடத்தில் சொட்டும் எண்ணெயும் இறங்கும். ஆதலால் கிணற்றருகே இத்தளம் ஆகாது.