தோளிலே பிறந்த தோணி

சென்ற விடுமுறையில் அரூரிலிருந்து ஒகேனக்கல் சென்றிருந்தேன். பரிசலோட்டி ஒருவர் தம் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தாங்கிப் பாறைமேல் ஏறி வந்தார். "கனமாக இல்லையா, ஐயா?" என்றேன். "தண்ணியில அது என்னைத் தூக்குது, கரையில நான் அதைத் தூக்கறேன் தம்பி" என்று சிரித்தார். அலுமினியத் தோணியின் வரலாறும் இப்படியொரு சுமையில்தான் தொடங்குகிறது.

1944-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அடிராண்டாக் மலைப்பகுதி. கிரம்மன் விமானக் கம்பெனியின் துணைத்தலைவர் வில்லியம் ஹாப்மன், கித்தான் போர்த்திய மரத்தோணியைத் தோளில் சுமந்து களைத்தார். விமானத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அக்கம்பெனி போருக்காக 12,000-க்கும் மேற்பட்ட ஹெல்கேட் விமானங்களைக் கட்டியது. 1945-இல் போர் முடிந்ததும் விமான வேலை குறைந்தது. தோணி வேலை தொடங்கியது. தகட்டை அச்சின்மேல் இழுத்து இரு பாதிகளாக வடித்து, சூடேற்றி உறுதியாக்கி, நடுவே ரிவிட் ஆணிகளால் இணைத்தார்கள். 1952-இல் தோணித் தொழில் நியூயார்க் மாநிலத்தின் மாரத்தான் என்னும் ஊருக்கு மாறியது.

இவ்வுலோகம் தோணிக்கு ஏற்றதானது எப்படி? 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே கண்ட மின்னாற்பகுப்பு முறையால் அலுமினியம் மலிவாயிற்று. இரும்பின் அடர்த்தி 7.9, இதன் அடர்த்தியோ 2.7. காற்றுப் பட்டதும் மேலே படியும் ஆக்சைடுப் படலம் அரிமானத்தைத் தடுக்கிறது. ஆயினும் தொடக்கத்தில் தோல்வியும் நேர்ந்தது. 1895-இல் கட்டிய 'டிபெண்டர்' என்னும் பந்தயப் படகுக்கு அடியில் வெண்கலமும் மேலே அலுமினியமும் பொருத்தினர். நம் ஆய்வகத்து மின்கலம் போலவே, இரு உலோகங்களும் கடல்நீரும் சேர்ந்து அலுமினியத்தை அரித்தன. 1901-இல் அப்படகைப் பிரித்துவிட்டார்கள். மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த கலவைகள் பிற்காலத்தில் கடல்நீரின் அரிமானத்தை மேலும் நன்றாகத் தாங்கின.

நமக்கும் இவ்வுலோகம் அயலன்று. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள். அவ்வுலை 2008-இல் நின்றது. அப்படியிருக்க, பரிசலையும் அலுமினியத்தில் செய்தால் என்ன? அந்தப் பெரியவரிடமே கேட்டேன். "பாறையில மோதி நசுங்கினா யார் தட்டிக் கொடுப்பாங்க?" என்றார். எண்ணிப் பார்த்தேன். அலுமினியத்தைக் காக்கும் அதே ஆக்சைடுப் படலம், சாதாரணப் பற்றவைப்புக்குத் தடையாக நிற்கிறது. மூங்கில் பிளாச்சோ வளைந்து கொடுக்கும். அடியில் போர்த்திய பிளாஸ்டிக் தாள் கிழிந்தால், கரையிலேயே தார் பூசி ஒட்டிவிடலாம். தட்டையான வட்ட அடி சிறிதளவு நீரிலும் மிதக்கும்.

தோழர்களே! கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்த தலைமுறை நம்மில் பலர். சுமை என்பது நம் வீடுகளில் பாடப்புத்தகச் சொல்லன்று. தோளின் சுமையைக் குறைக்க நினைப்பது அறிவியலின் முதல் பாதி. சுமப்பவன் தன் கையாலேயே பழுதுபார்க்க முடிய வேண்டும் என்பது மறு பாதி. முதல் பாதியை ஹாப்மனின் தோணி எனக்குக் கற்பித்தது. மறு பாதியை ஒகேனக்கல் பரிசலோட்டி கற்பித்தார்.