கொழுப்புக்கும் வாய் உண்டு



அடங்காமல் பேசுகிறவனை "வாய்க்கொழுப்பு" என்று திட்டுகிறோம். உடம்பில் இருக்கிற கொழுப்புக்கு நிஜமாகவே வாய் உண்டு என்பதைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மண்டோர். இருபது வருஷம் செம்பனைக் குலை வெட்டியவர். மண்டோர் ஆன பிறகு ஆறு வருஷமாக மோட்டார் சைக்கிளில்தான் நிரை பார்க்கிறார். வேலை மாறியது, சோற்றுத் தட்டு மாறவில்லை. கால் பெருவிரலில் ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தார். மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி ரத்தம் குத்திப் பார்த்தேன். 11.4. ஏழு வந்தாலே நீரிழிவு என்று சந்தேகப்பட வேண்டும்.

"ஐயா, நான் என்ன குண்டா? கல்யாணத்தப்போ போட்ட 32 சைஸ் சிலுவாரைத்தானே இன்னும் போடுறேன்" என்றார்.

சிலுவார் 32தான், பொய்யில்லை. ஆனால் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கி அல்லவா கட்டியிருந்தார்! வயிற்றைச் சுற்றி நாடா பிடித்தேன். 98 சென்டிமீட்டர். கையும் காலும் பழையபடி ஒல்லி. இப்படிப்பட்டவர்கள்தான் நம்மில் அதிகம். எடை பார்க்கும் மெஷினில் ஏறினால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

கொழுப்பு என்றால் மிச்சச் சாப்பாட்டை அடுக்கி வைக்கும் ஸ்டோர் என்றுதான் பழைய புத்தகங்களில் இருந்தது. ஸ்டோர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு கிராணியும் உட்கார்ந்திருக்கிறார். நாள் முழுக்கத் துண்டுச் சீட்டு எழுதி, ரத்தத்தின் வழியாக மூளைக்கும் கல்லீரலுக்கும் தசைக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

இதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது. அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி, 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும், பிறவியிலேயே ஓயாமல் தின்னும் குண்டெலிகளை ஒல்லி எலிகளோடு ரத்தம் கலக்கும்படி சேர்த்துத் தைத்தார். ஒரு வகைக் குண்டெலியோடு சேர்ந்த ஒல்லி எலி தீனியைத் தொடாமல் பட்டினியில் செத்தது. இன்னொரு வகைக் குண்டெலியோ, ஒல்லி எலியோடு சேர்ந்ததும் தானே தீனியைக் குறைத்துக்கொண்டது. "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது என்று அவர் சொன்னார். 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அதைப் பிடித்தது. அதன் பெயர் லெப்டின். அதைச் சுரப்பது கொழுப்பேதான்!

இங்கிலாந்தில் லெப்டின் சுரக்காமலே பிறந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி 1997-இல் வெளியிட்டார்கள். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத பிள்ளைகள். அவர்களில் ஒரு பெண் பிள்ளைக்கு ஒன்பது வயதில் எடை 90 கிலோவுக்கு மேல். லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியது.

அப்படியானால் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பலிக்காது. சாதாரணமாகப் பெருத்தவருக்கு லெப்டின் குறைவில்லை, கூடுதலாகவே ஓடுகிறது. ஆபீசுக்குத் தினம் நூறு சீட்டு வந்தால் யார் பிரித்துப் படிப்பார்கள்? மூளையும் அப்படித்தான் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. பெருத்தவருக்கு மனவுறுதி இல்லை என்று கேலி பேசுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

சரி, வயிற்றுக்கு வருவோம். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு அவ்வளவு தொந்தரவு செய்யாது. குடலைச் சுற்றி உள்ளே படிகிற கொழுப்புதான் வில்லங்கம். அங்கிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கரைந்து வரும் கொழுப்பு கல்லீரலில் படிகிறது. கல்லீரல் தேவையில்லாமல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அதோடு, அளவுக்கு மேல் உப்பிய கொழுப்பு அணுக்களைச் சுற்றி வெள்ளை அணுக்கள் கூடி, புண் பட்ட இடத்தில் வருகிற மாதிரி ஓர் அழற்சியை உண்டாக்குகின்றன. அதிலிருந்து போகிற சீட்டுகள் தசையிடம், "இன்சுலின் சொல்வதைக் கேட்காதே" என்கின்றன. கொழுப்பு அனுப்புகிற நல்ல சீட்டு ஒன்று உண்டு, அடிப்போனெக்டின் என்று பெயர். இன்சுலினுக்குத் துணை நிற்பது அதுதான். வயிறு பெருக்கப் பெருக்க அது குறைந்துபோகிறது. மண்டோருடைய 11.4 இப்படி வந்ததுதான்.

ரத்தக் கொதிப்பைக் கூட்டும் பொருளுக்கு மூலச்சரக்கும் கொழுப்பிலிருந்து போகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கொழுப்பே பெண் ஹார்மோனைத் தயாரிப்பதால், பெருத்தவர்களுக்கு மார்பிலும் கருப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

நம் நாட்டில் 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31. நம் இனத்தவருக்கு அதே எடையிலும் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால் ஆசியர்களுக்கு அளவையும் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தையல்காரர் நாடா போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு பிடியுங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நாடா இல்லை.

பொட்டலத்தில் விற்கும் மெலிய வைக்கும் காப்பியை வாங்காதீர்கள். சிபுட்ராமின் என்ற மருந்தை ஒளித்துக் கலந்த சரக்கு எத்தனையோ பிடிபட்டிருக்கிறது. இருதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையை நிறுத்திய மருந்து அது.

ஒரு நல்ல சேதி: உள்வயிற்றுக் கொழுப்பு வருகிற மாதிரியே சீக்கிரம் போகவும் செய்யும். வேர்க்க நடந்தால், எடை இறங்காவிட்டாலும் உள்ளே குறையும். வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் கொதிப்பும் கல்லீரலும் தெரிகிற அளவுக்கு மாறும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்க வேண்டாம், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

மண்டோருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறது. புண்ணுக்கு ஒரு மாதம் கட்டுப் போட்டேன். டின் பால் ஊற்றின தேத்தண்ணி மூன்று வேளை குடித்தவர் இப்போது தே ஓ கோசோங். சாயங்காலம் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் பெஞ்சாதியோடு கோயில் வரைக்கும் நடக்கிறார். போன வாரம் அளந்தேன், 93. சிலுவாரை இன்னும் கீழேதான் கட்டுகிறார்.