அடைமழைக்கு முன் களையெடுக்கும் இயந்திரத்தைப் பாதுகாத்து வைக்கும் முறை

ஆடிப்பட்டத்தில் விதைத்த மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் களை வெட்டி முடிந்ததும், பவர் வீடர் என்னும் விசைக் களையெடுப்பானைக் கொட்டகையின் மூலையில் தள்ளி வைத்துவிடுகிறோம். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிடுகிறது. அடுத்த பட்டத்தில் களை தலைகாட்டும்போதுதான் அதன் நினைவு வருகிறது. அப்போது கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் இயங்குவதில்லை.

உடுமலைப் பகுதியில் ஒரு மக்காச்சோள வயலில் இதை நேரில் கண்டேன். பயிருக்கு வயது இருபது நாள். வரிசைகளுக்கு இடையே சாரணையும் பார்த்தீனியமும் அடர்ந்து நின்றன. முந்தைய பட்டம் முடிந்தபோது பெட்ரோலோடு நிறுத்திய இயந்திரம் அது. மெக்கானிக் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது, உள்ளே பழுப்பு நிறப் பிசின் படிந்திருந்தது. ஊசித்துளை முற்றிலும் அடைந்திருந்தது. புதுப் பாகம் வாங்கிப் பொருத்தப் பன்னிரண்டு நாட்களாயின. அதற்குள் களை பயிரின் உயரத்தை எட்டிவிட்டது.

பொதுவாகப் பயிரின் ஆயுட்காலத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கு நாட்கள் களையின்றி இருத்தல் வேண்டும். அந்த நாட்களில் களை உண்ட உரத்தையும் நீரையும் பின்னர் எடுக்கும் களையால் ஈடுசெய்ய இயலாது. எனவே இயந்திரத்தைப் பாதுகாப்பது பயிரைப் பாதுகாப்பதே ஆகும். இதற்கு வேண்டியது அரை நாள் வேலைதான்.

பெட்ரோல் கெடுவது ஏன்?

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகளே எஞ்சினை எளிதாகக் கிளப்ப உதவுகின்றன. நாள்பட நின்றால் அவை வெளியேறிவிடும். எஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். கார்புரேட்டரில் உள்ள துளைகள் தையல் ஊசியினும் நுண்ணியவை. சிறிதளவு பிசினே அவற்றை அடைக்கப் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டிலிருந்து பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே கிடைக்கிறது. நாம் விளைவிக்கும் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் பெறப்படும் எத்தனால், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் அளவுக்கு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தானே இருக்கிறது! ஆகவே முதலில் நீரே உள்ளே போகும்; உலோகப் பாகங்களும் அரிக்கப்படும். ஒரு மாதத்திற்கு மேல் இயந்திரம் நிற்கும் என்று தெரிந்தால், பெட்ரோலை வடித்துவிடுவதே நல்லது.

முதலில் கழுவுதல்

மழையில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காற்று வடிகட்டியையும் சைலன்சரின் வாயையும் பாலித்தீன் தாளால் மூடிவிட்டு, கத்திகளிலும் சக்கரங்களிலும் ஒட்டிய மண்ணைக் கழுவுங்கள். எஞ்சின் மீது நீரைப் பீய்ச்ச வேண்டாம். தூரிகையும் துணியும் போதும். எஞ்சினைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடுகளின் இடுக்கில் சேர்ந்த தூசியையும் சருகையும் நீக்குங்கள். கத்திகளின் அச்சில் சுற்றிய அருகையும் கொடியையும் அறுத்தெடுப்பது முக்கியம். அவை எண்ணெய் சீலை அறுத்துவிடும். கழுவி முடிந்ததும் மூடிய தாள்களை எடுத்துவிடுங்கள்.

பெட்ரோலை வடித்தல்

எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது, திறந்தவெளியில் இதைச் செய்ய வேண்டும். அருகில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். டேங்கில் ஒரு டம்ளர் அளவு மட்டும் விட்டு, மற்றதை பெட்ரோலுக்கென உள்ள கேனில் வடித்துக்கொள்ளுங்கள். புதிய பெட்ரோலாக இருந்தால், வடிகட்டி உடனே மோட்டார் சைக்கிளுக்குப் பயன்படுத்தலாம். எண்ணெய் கலந்து இயக்கும் டூ ஸ்ட்ரோக் கருவியிலிருந்து வடித்ததை மட்டும் இவ்வாறு ஊற்றக்கூடாது.

பிறகு எஞ்சினைக் கிளப்பி, மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இதனால் மூன்று நன்மைகள் உண்டு. கார்புரேட்டர் காலியாகிறது, கழுவிய ஈரம் உலர்கிறது, அடுத்த வேலைக்கு வேண்டியபடி எஞ்சின் ஆயிலும் சூடாகிறது.

எஞ்சின் ஆயிலை மாற்றுதல்

ஓடிய ஆயிலில் கரியும் அமிலமும் நுண்ணிய இரும்புத்தூளும் கலந்திருக்கும். அதை அப்படியே விட்டால், நிற்கும் மாதங்களிலும் உள்பாகங்களை அரிக்கும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்தால் அழுக்கு முழுவதும் இறங்கிவிடும். கையேட்டில் சொல்லியுள்ள தரத்தில், அளவுகோலில் குறித்துள்ள அளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், சேகரித்து வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கியர் பெட்டியின் ஆயிலையும் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அதையும் மாற்றுதல் வேண்டும்.

எஞ்சின் முழுதும் ஆறியபின், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத் திருகைத் தளர்த்தி, எஞ்சிய சொட்டுகளையும் வெளியேற்றித் திரும்ப இறுக்குங்கள்.

ஸ்பார்க் பிளக்கும் காற்று வடிகட்டியும்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விடுங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக மூன்று நான்கு முறை இழுத்தால், ஆயில் சிலிண்டர் சுவரில் பரவித் துரு பிடிக்காமல் காக்கும். பிளக்கைத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். அதன் ஒயரை மட்டும் மாட்டாமல் விடுங்கள். குழந்தைகள் இழுத்து விளையாடினாலும் ஆபத்தில்லை. கடைசியாக, கயிறு இழுக்கக் கடினமாகும் இடம்வரை இழுத்து நிறுத்துங்கள். அந்த நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால், மழைக்கால ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகாது.

காற்று வடிகட்டி பஞ்சு வகையானால், சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தி, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து பொருத்துங்கள். காகித வகையானால் தட்டித் தூசியை உதறினால் போதும், கழுவக்கூடாது.

எங்கே, எப்படி நிறுத்துவது?

கத்திகளைத் தீட்டி, கிரீஸ் பூசுங்கள். கிளட்ச் ஒயரிலும் ஆக்சிலேட்டர் ஒயரிலும் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். மண்தரையில் நிறுத்தாமல், பலகையின் மேலோ செங்கல் அடுக்கின் மேலோ நேராக நிறுத்துங்கள். சாய்த்து வைத்தால் ஆயில் காற்று வடிகட்டிக்குள் இறங்கும்.

யூரியா, பொட்டாஷ் மூட்டைகளின் அருகில் இயந்திரத்தை வைக்கவே கூடாது. உரம் ஈரத்தை இழுத்துக் கசியும். அந்த உப்பு நீர் பட்ட இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றவும் வேண்டாம். உள்ளே நீர் வியர்க்கும். காற்றோட்டமான சாக்குத்துணியே ஏற்றது.

நம் ஊர்களில் குளவி சைலன்சருக்குள் மண்கூடு கட்டுவதும், எலி எஞ்சின் உறைக்குள் கூடு வைப்பதும் வழக்கம். ஆகவே சைலன்சரின் வாயைத் துணியால் அடைத்து, ‘துணியை எடுக்கவும்’ என்று ஓர் அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.

மீண்டும் எடுக்கும்போது

களை முளைக்கும்வரை காத்திராமல், விதைப்புக்கு ஒரு வாரம் முன்பே இயந்திரத்தை வெளியே எடுங்கள். பழுது இருந்தால் சரிசெய்ய நாள் கிடைக்கும். சைலன்சரின் துணியை எடுத்து, எலிக்கூடு உள்ளதா என்று பார்த்து, ஆயில் அளவைச் சரிபாருங்கள். பிளக் ஒயரை மாட்டுமுன் கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள். பிறகு ஒயரை மாட்டி, புதிய பெட்ரோல் ஊற்றி இயக்குங்கள். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிவதால் சிறிது நேரம் வெண்புகை வரும், அஞ்ச வேண்டியதில்லை.

தோப்புகளில் பயன்படும் பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் இம்முறை பொருந்தும். டூ ஸ்ட்ரோக் வகையில் எஞ்சின் ஆயில் மாற்றும் வேலை மட்டும் இல்லை. மழை தொடங்குமுன் அரை நாளை இதற்கென ஒதுக்குங்கள். அடுத்த பட்டத்தில் களை தலைகாட்டும் அன்றே உங்கள் இயந்திரம் வயலில் இறங்கும்.