தேன் பெட்டியிலிருந்து போத்தல் வரை



நம்ம மலையில் தேனீக்கு யூகலிப்டஸ் பூ மாதிரி, புத்தளம் கரையோரத்தில் தென்னம்பூ. தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு பாளை விடுவதால், அங்கே பெட்டி வைத்தவருக்கு வருடம் முழுக்கப் பூ உண்டு. தேனைப் பிழிந்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் கைச்செலவுக்குக் காசு. போத்தலில் அடைத்துக் கடைக்குக் கொடுத்தால் தொழில். ஆனால் முகம் தெரியாதவரும் நம்பி வாங்கணுமே! அதற்கு என்ன செய்வது?

1. தேனீ மெழுகால் மூடிய அடையை மட்டும் எடுங்கள். மூடாத தேனில் தண்ணீர் அதிகம். 20 வீதத்துக்கு மேல் போனால் புளிக்கும். புளித்த ஒரு போத்தல் பத்து வாடிக்கையைக் கெடுக்கும்.

2. துணியில் வடிகட்டி, ஓரிரு நாள் மூடி வையுங்கள். மேலே வரும் நுரையை வழித்துவிடுங்கள்.

3. போத்தலைக் கழுவி, ஈரமில்லாமல் காயவையுங்கள்.

4. பெயர், முகவரி, நிறை, அடைத்த திகதி, முடிவுத் திகதி ஒட்டுங்கள். 750 மில்லிலீற்றர் போத்தலில் சுமார் 1 கிலோ தேன் பிடிக்கும். அளந்து விலை சொல்லுங்கள்.

நாலு பெட்டிக்காரருக்குக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார். தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் 1937இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தேனை ஒன்றாகச் சேர்த்து விற்றார்கள். நாமும் ஐந்து குடும்பம் சேரலாம். பயிற்சிக்குப் பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருக்கிறது.

ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள், ஆபத்து. இதையும் போத்தலில் எழுதுங்கள்.