மின்கித்தாரில் எழும் முரலொலியும் அதனைக் குறைக்கும் வழிகளும்

மின்கித்தாரைப் பெருக்கியுடன் இணைத்து வைத்தால், தந்தியை எவரும் மீட்டாத போதிலும் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு தாழ்ந்த முரலொலி இடைவிடாது வந்துகொண்டிருக்கும். பள்ளி விழாக்களிலும் கலாசார நிகழ்ச்சிகளிலும் ஒலியமைப்பைக் கவனிக்கும் பணியாளர்கள் இதனை நன்கு அறிவர். வாத்தியம் பழுதுற்றது என்று சிலரும், மின்சாரம் சரியில்லை என்று வேறு சிலரும் கூறுவதுண்டு. இன்னும் சிலர் மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, முரலொலி குறைந்துவிட்டது என்று மகிழ்வதும் உண்டு. இந்த மூன்றாவது செயல் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. ஆகவே இவ்வொலி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக அறிந்த பின்னரே அதற்குரிய பரிகாரத்தைத் தேட வேண்டும்.

மின்கித்தாரின் தந்திகளுக்கு அடியில் பொருத்தப்பட்டுள்ள 'பிக்கப்' என்னும் உறுப்பு, ஒலிவாங்கியைப் போலக் காற்றின் அதிர்வைக் கேட்பதன்று. அது நிலைக்காந்தங்களின் மீது மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றிச் செய்யப்பட்டதாகும். பெண்டர் நிறுவனம் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரின் பிக்கப்பில் ஆறு காந்தத் தண்டுகளைச் சுற்றி ஏறக்குறைய 8,000 சுற்றுக்கள் உள்ளன. கம்பியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கேயாகும். காந்தம் தனக்கு மேலுள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் கூடியும் குறைந்தும் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட விதி. இத்தத்துவத்தைக் கித்தாருக்குப் பயன்படுத்திய ஜார்ஜ் பீச்சம் என்னும் அமெரிக்கருக்கு 1937-ல் காப்புரிமை வழங்கப்பெற்றது. கருநாடக இசைக்கு மின்மாண்டலினைக் கொணர்ந்த யு. ஸ்ரீநிவாஸ் வாசித்த வாத்தியமும் எஃகுத் தந்தியும் சுருளும் கொண்ட இவ்வினத்தைச் சேர்ந்ததே. பித்தளைத் தந்தியை இத்தகைய பிக்கப் உணராது என்பதை இங்கே குறிப்பிடலாம்.

சுருளுக்குத் தெரிந்தது மாறும் காந்தப் பாயம் ஒன்றுதான். அம்மாற்றம் தந்தியினால் வந்ததா, அருகிலுள்ள மின்மாற்றியினால் வந்ததா என்று பகுத்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. நம் நாட்டில் மின்வழங்கலின் மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது, அமெரிக்காவில் 60. மின்மாற்றி, மின்விசிறி, சுவரினுள் செல்லும் கம்பிகள் ஆகிய யாவும் இதே அதிர்வெண்ணில் மாறும் காந்தப் புலத்தைப் பரப்புகின்றன. பிக்கப் இவற்றையும் ஏற்றுப் பெருக்கிக்கு அனுப்புகிறது.

50 சுழற்சிகளையும் அதன் மடங்குகளையும் வடிகட்டி நீக்கிவிடலாகாதா என்று மாணவர்கள் வினவக்கூடும். கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகள் கொண்டது. முரலொலியின் மடங்குகளாகிய 100, 150, 200 ஆகியன வாத்தியத்தின் சுரங்களிடையே வந்து அமர்கின்றன. அவற்றை அறுத்தெறிந்தால் இசையின் ஒரு பகுதியும் உடன் போய்விடும். களையும் பயிரும் ஒரே உயரத்தில் வளர்ந்த வயலின் நிலை இது.

வேண்டாத ஒலி ஒரே வகையினதன்று. ஆழ்ந்து சீராக ஒலிக்கும் முரலொலி பெரும்பாலும் காந்தப் புலத்தினால் வருவது. கூர்மையாகக் கரகரக்கும் இரைச்சல் பெரும்பாலும் மின்புலத்தினால் வருவது. இவ்விரைச்சலுக்கு நம் மண்டபங்களில் முக்கிய காரணம், மின்னணு முறையில் இயங்கும் விசிறி ரெகுலேட்டர்களும் விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மர்களுமே. இவற்றுள் பல, மின்னலையை வினாடிக்கு 100 முறை இடையில் வெட்டி வெட்டி அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டும் மிக உயர்ந்த அதிர்வெண்கள் வரை சிதறல்களை உண்டாக்குகிறது. விசிறியை முழு வேகத்தில் வைத்தால், அல்லது அறவே நிறுத்தினால், இரைச்சல் மறைவதை உடனே காணலாம். இவ்விரண்டும் அல்லாத மெல்லிய 'உஸ்' என்னும் ஓசையும் ஒன்று உண்டு. அது கம்பியின் மின்தடையிலும் பெருக்கியிலும் இயல்பாகவே தோன்றுவது. அளவில் மிகச் சிறியது. எந்தக் கவசத்தாலும் நீங்காதது.

நோயறிதல் எளிதே. முதலில் கித்தாரின் ஒலியளவுக் குமிழைச் சுழியத்தில் வைக்க வேண்டும். ஓசை அப்படியே நீடித்தால் குற்றம் வாத்தியத்தில் இல்லை. இணைப்புக் கம்பியிலோ, பெருக்கியிலோ, எர்த் அமைப்பிலோ உள்ளது. ஓசை மறைந்தால் குமிழை மீண்டும் ஏற்றி, வாத்தியத்தைக் கையில் ஏந்தியவாறே மெல்லத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் முரலொலி ஓங்கியும் மற்றொரு திசையில் ஒடுங்கியும் ஒலித்தால் அது காந்தப் புலத்தின் வேலை. சுருளின் அச்சு புலத்திற்குச் செங்குத்தாக அமையும்போது அதனூடே பாயம் செல்வதில்லை என்பதே காரணம். இனித் தந்திகளைக் கையால் தொட வேண்டும். தொட்டவுடன் ஓசை குறைந்தால் அது மின்புல இரைச்சல். வாசிப்பவரின் உடல் சுற்றியுள்ள மின்புலத்தை ஏற்றுப் பிக்கப்பிற்குக் கடத்துகிறது. தந்தியைத் தொட்டதும் உடல் எர்த்துடன் இணைந்துவிடுவதால் அக்கடத்தல் நின்றுவிடுகிறது. தொட்டால் ஓசை மிகுமாயின் ஜாக்கில் இரு கம்பிகளும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கக்கூடும்.

மின்புல இரைச்சலுக்குத் தக்க பரிகாரம் கவசமிடுதல். கித்தாரின் உட்குழிவுகளில் தாமிரத் தாளை ஒட்டியோ, மின்கடத்தும் கிராபைட் பூச்சைப் பூசியோ, அதனை எர்த் கம்பியுடன் இணைத்துவிட வேண்டும். தாளின் துண்டுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பு கொண்டிருத்தல் அவசியம். எர்த்துடன் சேராத துண்டு பயனற்றது. ஆயினும், தாமிரத் தாளை ஒட்டியதும் முரலொலியும் போய்விடும் என்று கருதுவது பரவலான தவறு. 50 சுழற்சிகள் கொண்ட காந்தப் புலம் தாமிரத்தினுள் ஒன்பது மில்லிமீட்டருக்கும் மேல் ஊடுருவிய பிறகே குறிப்பிடத்தக்க அளவு தளர்கிறது. தாளின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு. காந்தப் புலத்திற்கு அத்தாள் இருப்பதே தெரியாது எனலாம். காந்தத்தை எளிதில் ஈர்க்கும் உலோகக் கலவைகளால் கவசமிடலாம் என்றால், அவை பிக்கப்பின் சொந்தக் காந்தப் புலத்தையே கலைத்துவிடும்.

கவசத்தால் தடுக்க இயலாத இம்முரலொலியை வேறொரு வழியில் வென்றவர், அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியாளர். அவர் 1955-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-ல் அது வழங்கப்பெற்றது. அக்கருவி 'ஹம்பக்கர்' என்று பெயர் பெற்றது. அதன் தத்துவம் மிக எளியது, அழகியதும் கூட. ஒரே அளவான இரு சுருள்கள் அருகருகே வைக்கப்படுகின்றன. முதல் சுருளில் காந்தத்தின் வடமுனை மேலே. இரண்டாவதில் தென்முனை மேலே. மேலும், இரண்டாம் சுருளின் இணைப்பு தலைகீழாக்கப்பட்டுள்ளது. வெளியிலிருந்து வரும் மின்மாற்றியின் புலம் சுருளினுள் உள்ள காந்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அது இரு சுருள்களிலும் ஒரே விதமான மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இணைப்பு தலைகீழாக இருப்பதால் ஒன்று கூட்டலாகவும் மற்றொன்று கழித்தலாகவும் அமைந்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தந்தியின் அதிர்வோ காந்தத்தைச் சார்ந்தது. முனை மாறியதால் இரண்டாம் சுருளில் அதன் குறி ஒருமுறை மாறுகிறது. இணைப்பு மாறியதால் மறுமுறையும் மாறி, பழைய குறிக்கே வந்துவிடுகிறது. ஆகவே இசை இரட்டிக்கிறது, முரலொலி அழிகிறது.

நடைமுறையில் முற்றும் அழிவதில்லை. இரு சுருள்களின் சுற்றுக்களும் சரிநிகராக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவான புலத்தில் நிற்கவும் வேண்டும். பெருக்கியின் மின்மாற்றிக்கு மிக அருகில் நின்றால், ஒரு சுருளுக்கு மற்றதைவிட வலிய புலம் கிட்டி, மிச்சம் கேட்கும். சிறிய மின்மாற்றியின் சிதறிய புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தூரத்தை இரட்டித்தால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். இரண்டடி தள்ளி நிற்பது காசு செலவில்லாத மருந்து.

ஹம்பக்கருக்கு ஒரு விலையும் உண்டு. இரு சுருள்களும் தந்தியை இரு வேறு இடங்களில் உணர்வதால் உயர்ந்த மேற்சுரங்கள் சில தம்முள் அழிந்துபோகின்றன. சுருள்கள் தொடராக இணைந்து தூண்டுதிறன் மிகுவதாலும் நாதம் சற்றே கனத்து, கூர்மை குன்றுகிறது. ஒற்றைச் சுருளின் தெளிந்த நாதத்தை விரும்புவோர் இன்றளவும் முரலொலியைப் பொறுத்துக்கொண்டு அதனையே நாடுவதற்கு இதுவே காரணம். அவர்களுக்கு ஓர் இடைவழி உண்டு. மூன்று பிக்கப்கள் கொண்ட கித்தாரில் நடுவிலுள்ளதை மட்டும் காந்தமுனையும் சுற்றும் எதிரானதாக அமைத்துவிட்டால், இரண்டு பிக்கப்கள் சேர்ந்து ஒலிக்கும் நிலைகளில் முரலொலி நீங்கும். தனித்து ஒலிக்கும்போது நீங்காது.

இனி எர்த் பற்றி. கித்தாரும் ஒலிவாங்கியும் வெவ்வேறு பெருக்கிகளில், வெவ்வேறு சுவர்களிலுள்ள மின்குதைகளில் இணைக்கப்பட்டிருக்கும்போது, எர்த் கம்பிகளும் ஒலிக்கம்பிகளின் உறைகளும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகின்றன. அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமும் முரலொலியாகக் கேட்கும். எர்த் முனையை நீக்கினால் வளையம் அறுந்து ஓசை நிற்பது உண்மையே. ஆனால் தந்திகள் பெருக்கியின் உடலோடு இணைந்தவை. பெருக்கியினுள் மின்காப்புப் பழுதுற்றால், எர்த் இல்லாத நிலையில் 230 வோல்ட்டும் தந்திக்கு வந்துவிடும். வாசிப்பவரின் ஒரு கை தந்தியிலும், உதடு உலோக ஒலிவாங்கியிலும் பட்டிருக்கும். மின்னோட்டம் மார்பின் வழியே பாயும். 1972-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கித்தார்க் கலைஞர், முறையாக எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். வளையத்தை நீக்க வேண்டுமாயின், எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையிலிருந்து இணைக்கலாம்; அது போதாதாயின், ஒலிக்கம்பியின் இடையே தனிமைப்படுத்தும் மின்மாற்றியைச் சேர்க்கலாம். எர்த் முனையில் கை வைத்தல் கூடாது. மேடையின் மின்வழங்கலில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புச் சாதனம் இருத்தல் நலம்.

இத்தத்துவத்தை வகுப்பில் காட்ட மின்கித்தார் தேவையில்லை. பௌதிகக் கூடத்துச் சுரமானி போதும். 0.1 மில்லிமீட்டர் எனாமல் தாமிரக் கம்பியை இரண்டு சிறிய பிளாஸ்டிக் நூற்கண்டுச் சுருள்களில் ஒரே திசையில் 1,500 சுற்றுக்கள் வீதம் சுற்றிக்கொள்க. இரண்டையும் சுரமானியின் எஃகுக் கம்பிக்கு அடியில் அருகருகே வைத்துத் தொடராக இணைத்து, உறையிட்ட கம்பியால் பெருக்கியின் ஒலிவாங்கிக் குதைக்குத் தருக. அரை மீட்டர் தூரத்தில் மூடிய உறையுள்ள சிறு மின்மாற்றி ஒன்றை மின்வழங்கலில் இணைத்து வைத்தால் முரலொலி நன்கு கேட்கும். அதன் உறையை எவரும் திறத்தலாகாது. இப்போது ஒரு சுருளின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றினால் முரலொலி தணிவதைக் காணலாம். தணியாமல் மிகுந்தால், முனைகளைப் பழையபடி மாற்றுக. அடுத்து, இரு சுருள்களின் நடுவிலும் சிறு காந்தங்களை வடமுனை மேலாக வைத்துக் கம்பியை மீட்டினால், கம்பியின் ஒலியும் மெலிந்தே வரும். இரு சுருள்களும் அதனையும் அழித்துக்கொள்கின்றன. பின்னர் ஒரு காந்தத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைத்து மீண்டும் மீட்டினால், முரலொலி தணிந்தபடியே இருக்க, கம்பியின் நாதம் முழுதாக எழும். காந்தத்தின் நுனிக்கும் கம்பிக்கும் இடையே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விடுக. மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து அதன் சுருதியைக் கெடுத்துவிடும்.