ஊர்மேடை ஏறப் போகும் பிள்ளைக்கு

தம்பி, நாடகக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். (தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) பெரிய நகரத்தில் நடிப்பவனை இருட்டில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவர்கள் பார்க்கிறார்கள். காரைக்காலில் உன்னைப் பார்க்க வருகிறவர்கள் உன் பள்ளிக்கூட வாத்தியார், தெருவில் மீன் விற்கிற அத்தை, வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். மறுநாள் காலையில் அவர்கள் முகத்தில்தான் நீ விழிக்க வேண்டும். ஊர்க்குழுவில் நடிப்பதன் கஷ்டம் முழுக்க அதில் இருக்கிறது, சுகமும் அதில்தான்.

1. முதல் வருஷம் பெஞ்சு தூக்கு, படுதா கட்டு, டீ வாங்கிக்கொண்டு வா. வேஷம் கேட்காதே. எங்கள் குழுவில் ஒருவர் கடைசிவரை மேடையேறியதே இல்லை. படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பார். ஒரு தடவை ராஜா வேஷக்காரர் நடுச்சபையில் வாயடைத்துப் போய்விட்டார். எடுத்துக்கொடுத்த வசனமும் அவர் காதில் ஏறவில்லை. இவர் சட்டென்று ஓரத்தில் நின்ற மந்திரியிடம், “ஓலை வந்திருக்கிறது, படிக்கட்டுமா என்று கேள்” என்றார். மந்திரி கேட்டார். ராஜா மூச்சு வாங்கிக்கொண்டார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முழு நாடகமும் தெரிந்தவர் அந்த மனிதர் ஒருவர்தான்.

2. என்றைக்காவது ஒருநாள் நீ காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் கதையில் நிற்க வேண்டி வரும். அதற்கு இப்போதே தயாராகு. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் ஊரே அந்தக் கதையை நடித்துவிடுகிறது. மாப்பிள்ளை அழைப்பில் அவள் புருஷன் பரமதத்தர் ஊர்வலமாக வருகிறார், மறுநாள் திருக்கல்யாணம், அதற்கடுத்து பிட்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைகிறது. இரண்டாவது பழம் எப்படி வந்தது என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கதையை வைத்து இந்த ஊரை அசத்த முடியாது. சிவனடியாருக்குக் கொடுத்துவிட்ட பழத்தைப் புருஷன் கேட்கிறான். அவள் உள்ளே போகிறாள். சிவன் தந்த பழத்தோடு அவள் திரும்பி வரும்வரை உள்ள அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் உன்னுடையது. ஒரு பெண் அந்த இடத்தில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் வெறுங்கையை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். பின்பாட்டுக்காரரே பாட மறந்துவிட்டார்.

3. பரமதத்தனைக் கொடுத்தால் அவனை வில்லனாக்கிவிடாதே. அவன் பயந்தவன். கட்டின பெண்டாட்டி தெய்வம் என்று தெரிந்த பிறகு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று தெரியாமல் கப்பலேறிப் போனவன். பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதியின் பெயரையே வைத்தான். அவளைத் திரும்பப் பார்த்தபோது மனைவி, மகளோடு காலில் விழுந்தான். திருவிழாவில் மாலை போட்டு அவனை மாப்பிள்ளையாக வரவேற்கிற ஊர் இது; மேடையில் நீ மீசை முறுக்கினால் ஒத்துக்கொள்ளாது. பயந்தவனைக் கெட்டவனாக்குவது சோம்பேறி நடிகனின் வழி.

அதே கதையில் பேயுருவுக்கு மட்டும் ஆள் கிடைக்காது. அழகான புனிதவதிக்கு அடிதடி நடக்கும். 1973-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமி நடித்தார். உடல் அழகை உதறிய பிறகு வருகிற அம்மையார் கே.பி. சுந்தரம்பாள். சிறு வயதிலேயே நாடகமேடைக்கு வந்து அங்கே வளர்ந்தவர் அவர். இரண்டில் எது பெரிய வேஷம் என்று நீயே சொல். யாரும் கேட்காத வேஷத்தைக் கேட்டு வாங்கு.

4. வேஷத்துக்குப் பாரம் உண்டு. நாடகக்காரர்கள் எல்லாரும் வாத்தியாராகக் கும்பிடுகிற சங்கரதாஸ் சுவாமிகள் சனீஸ்வரன், எமன் வேஷங்களில் பேர்போனவர். ஒருநாள் விடியற்காலையில் சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க நீர்க்கரைக்குப் போனார் என்றும், எதிரே வந்த ஒரு பெண் அவரைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிரை விட்டாள் என்றும், அதற்குப் பிறகு அப்படிப்பட்ட வேஷம் போடுவதையே அவர் விட்டுவிட்டார் என்றும் சொல்லி வருகிறார்கள். இவ்வளவு நன்றாக நடித்தோமே என்று பூரித்துப் போகாமல், இப்படி ஆகிவிட்டதே என்று நொந்த மனசு அது. நமக்கோ திருநள்ளாறு 5 கிலோமீட்டர். நளன் கதையில் நீ சனீஸ்வரனாகக் காகக்கொடியோடு வந்தால் முன்வரிசைப் பாட்டி உனக்கே கும்பிடு போடுவாள். சிரித்துவிடாதே. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடி அணிகிறவர் உபவாசம் இருந்துதான் அதைத் தொடுகிறார். உனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு இருக்கிறது. அந்த மரியாதை போதும்.

5. ஒத்திகைக்கு நேரத்துக்கு வா. 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. பிறகு வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே எழுதினார், நடித்தார். வேலை இருக்கிறது என்று நீ சொல்லும்போது அவரை ஒரு தரம் நினைத்துக்கொள். இன்னொரு கூட்டம் உண்டு: சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதினார் என்று சொல்லிக்கொண்டு, கடைசி நாள் வரை வசனத்தைத் தொடாதவர்கள். அந்த ஒரு இரவுக்குப் பின்னால் ஓர் ஆயுள் இருந்தது. அவர் 1922 நவம்பரில் நம் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு.

6. நாடகத்துக்கு நடுவே பொன்னாடை போர்த்துவது நம் ஊர் வியாதி. திரௌபதி சபையில் அழுதுகொண்டிருப்பாள். விளக்கைப் போட்டுப் பிரமுகருக்கு மாலை போடுவார்கள். உனக்கு மாலை வந்தால், நாடகம் முடியட்டும் என்று கைகூப்பிச் சொல். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

7. தேதி குறிக்கும் முன் எல்லார் வீட்டுக் காலண்டரையும் பார். மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரியன்று ஒத்திகை வைத்துவிட்டு டோலக்குக்காரர் வரவில்லையே என்று புலம்பாதே. தவக்காலத்தில் மாதா கோயில் தெருப் பிள்ளையைக் கோமாளி வேஷத்துக்குக் கூப்பிட்டால் அவன் அம்மா சங்கடப்படுவாள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளிப் பந்தல் வேண்டாம். வடகிழக்கு மழைக்கு உன் நாடகம் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கூட்டம் தானாக வரும். ஆனால் அந்த மாதங்களில் அவர்கள் கையில் காசு இருக்காது. அப்போது டிக்கெட் போடாதே, துண்டு ஏந்தாதே. படகு கடலுக்குப் போன பிறகு அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

8. நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஓர் அத்தையோ மாமாவோ ஊரில் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடு.

9. கடைசியாக, இரவல். ஊர் நாடகம் முக்கால்வாசி இரவல் பொருளில் நடக்கிறது. ஒரு வீட்டுக் குத்துவிளக்கு, ஒரு வீட்டுக் கல்யாணப் பட்டு, டீக்கடை பெஞ்சு, வாத்தியார் வீட்டுப் பிரம்பு நாற்காலி. எது யாருடையது என்று ஒரு நோட்டில் எழுதி வை. நாடகம் முடிந்த இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் அரிதாரத்தைக் கலைத்த கையோடு புடவையை உதறிப் பார். அரிதாரக் கறையோ பின் குத்திய கிழிசலோ இருந்தால் மூடி மடிக்காமல், காட்டிச் சொல்லிக் கொடு. மறுநாள் காலையிலேயே போ. யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு போ. அப்போதுதான், வாசலில் நிற்க வைத்துக்கொண்டு, நேற்று நீ எப்படி நடித்தாய் என்று அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.