அரசும் வேம்பும் கலக்குமா?

திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பிள்ளையார் மேடையில் அரசும் வேம்பும் பின்னிக்கொண்டு நிற்கும். அடியில் நாகர் சிலை, தண்டில் மஞ்சள் கயிறு. சில ஊர்களில் பத்திரிகை அடித்து, சீர் வைத்து இரண்டுக்கும் கல்யாணமே நடத்துவார்கள். அந்த வழிபாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மழை குறைந்த இந்தச் சமவெளியில் பல பெரிய மரங்கள் கோடரிக்குத் தப்பி நிற்பதே அதனால்தான். ஆனால் செடிகொடிகள் எப்படிக் கூடுகின்றன, எப்படிக் கலக்கின்றன என்பது பற்றி நம்மிடையே உலவும் சில எண்ணங்களைத் திருத்தியாக வேண்டும்.

நம்பிக்கை: ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தால் அரசும் வேம்பும் கலந்து, இரண்டின் குணமும் உள்ள விதை தரும்.

தராது. வேம்புக்கு உறவு மலைவேம்பு; அரசுக்கு உறவு ஆலும் அத்தியும். இரண்டும் வெகு தூரத்துக் குடும்பங்கள். மகரந்தம் சூல்முடியில் விழுந்து, அங்கே முளைத்து, குழாய்போல் நீண்டு சூலைத் தொட்டால்தான் விதை உண்டாகும். இவ்வளவு அந்நியமான மரத்தின் மகரந்தத்துக்கு அந்த வழி திறக்காது. மரங்கள் நெருங்கி நிற்பதற்குப் பல இடங்களில் காரணம் பறவைகள். அரசம்பழம் தின்ற பறவை வேம்பின் கவட்டில் எச்சமிடுகிறது. விதை அங்கேயே முளைத்து, வேம்பைத் தழுவி வேர் இறக்குகிறது. எத்தனை ஆண்டு தழுவி நின்றாலும் வேம்பு வேம்புதான், அரசு அரசுதான்.

நம்பிக்கை: அத்தி பூக்காமலே காய்க்கும்.

மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையில் அத்தி காய்த்திருக்கும்போது ஒரு பிஞ்சைப் பறித்து நெடுக அறுத்துப் பாருங்கள். உட்சுவர் முழுவதும் நெருக்கமாக ஒட்டியிருக்கும் மணி மணியானவை எல்லாம் பூக்கள். நாம் காய் என்று சொல்வது, பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பை. அதன் நுனியில் ஊசிமுனை அளவில் ஒரு வாசல் உண்டு. மகரந்தம் சுமந்த பெண் குளவி அதன் வழியே நுழையும். கொசுவைவிடச் சிறிய பூச்சி அது. வாசல் அத்தனை இறுக்கம் என்பதால் இறக்கைகள் பிய்ந்துபோகும். உள்ளே பூக்களுக்கு மகரந்தம் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடும். சில வாரம் கழித்து இறக்கையில்லாத ஆண் குளவிகள் முதலில் வெளிப்பட்டு, பெண் குளவிகளோடு கூடி, சுவரில் துளை போட்டுக் கொடுக்கும். பெண்கள் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு அந்தத் துளை வழியே பறந்து போகும். வெளியே அவற்றின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் பக்குவமான பிஞ்சு உள்ள இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உலகில் ஏறத்தாழ 750 அத்தி இனங்கள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. அரசின் குளவி அத்திக்குப் போவதில்லை. சொந்தக் குடும்பத்து அத்தியோடேயே சாதாரணமாகக் கலக்காத அரசு, வேம்போடு எங்கே கலக்கப் போகிறது? சாலையை அகலப்படுத்த வரிசையாக அரசும் ஆலும் வெட்டப்படும்போது மனம் பதறுவது அந்தக் குளவிகளை நினைத்தும்தான். மரங்களுக்கிடையே தூரம் கூடக் கூட அந்தச் சின்னக் குளவியின் பாடு திண்டாட்டமாகிறது.

நம்பிக்கை: கலப்பினம் என்றால் ஆராய்ச்சி நிலையத்தில் மனிதர்கள் உருவாக்கியது.

நம் தமிழ்நாட்டு வேலியோரமே இதற்கு மறுப்பு. ஆடு மாடு வாய் வைக்காது என்று வயல்காடுகளுக்கு வேலியாக நட்ட காட்டாமணக்கை எல்லாருக்கும் தெரியும். (குளத்தை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு, அது சர்க்கரைவள்ளிக்கிழங்கின் இனம்.) காட்டாமணக்கின் இலை அகலமானது, விளிம்பு லேசாகத்தான் வெட்டுப்பட்டிருக்கும், பூ வெளிர்பச்சை. அதற்கு உறவான இன்னொரு செடி சாலையோரங்களில் தானாக முளைக்கிறது. அதன் தளிர் செம்பழுப்பு, இலை ஆழமாகப் பிளந்திருக்கும், பூ சிறிய கருஞ்சிவப்பு. இலைக்காம்பைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும்; காம்பில் நிற்கும் சுரப்பி மயிர்கள் செய்யும் வேலை அது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றியவை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றமுள்ள ஒரு செடியை 1960-களின் தொடக்கத்தில் எல்லிஸ், சரோஜா என்ற தாவரவியலாளர்கள் விவரித்தார்கள். தஞ்சாவூரின் பெயரால் ஜட்ரோஃபா தஞ்சோரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். 1999-இல் பிரபாகரன், சுஜாதா ஆகியோர் தங்கள் ஆய்வில், இது காட்டாமணக்கும் அந்தச் செந்தளிர்ச் செடியும் இயற்கையாகக் கலந்து பிறந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். இரண்டின் பூவிலும் தேன் உண்டு. ஒரே கொத்தில் ஆண் பூக்கள் நிறையவும் பெண் பூக்கள் கொஞ்சமாகவும் இருக்கும். தேன் தேடி வரும் பூச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் போதும். பக்கத்தில் நிற்பது மட்டும் கலப்புக்குப் போதாது. நெருங்கிய உறவும், ஒரே சமயத்தில் பூப்பதும், இரண்டுக்கும் பொதுவான பூச்சியும் வேண்டும். அரசுக்கும் வேம்புக்கும் இல்லாத உறவு இவற்றுக்கு இருந்தது.

இந்தக் கலப்புச் செடியின் மகரந்தம் பெரும்பாலும் மலடு, காய் பிடிப்பதில்லை. பெற்றோர் இருவருக்கும் 22 குரோமோசோம்கள்தான். எண்ணிக்கை ஒத்திருந்தும் விதை உண்டாவதில்லை. அதனால் இது குச்சி ஒடித்து நட்டே பெருகுகிறது. நைஜீரியாவில் இதைக் கீரையாகச் சமைக்கிறார்கள். மருந்துக் குணம் உண்டென்று நம்பி, ‘ஆஸ்பத்திரி தூரம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் அழைக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நம் வேலிச் செடிகளை யாரும் சமைத்துவிட வேண்டாம். காட்டாமணக்கு விதை நஞ்சு. அதைத் தின்ற பிள்ளைகள் வாந்தி மயக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுவது அடிக்கடி செய்தியாகிறது.

நம்பிக்கை: கலந்து பிறந்தது எல்லாமே மலடு.

அப்படியானால் சேர்வராயன், கொல்லிமலைச் சரிவுகளில் உண்ணிச்செடி இப்படிப் பரவியிருக்காது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய், அங்கே பல வகை கலந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் பூங்கா வழியாக இந்தியாவுக்கு அழகுச்செடியாக வந்தது அது. கருநீலப் பழங்களைத் தின்னும் கொண்டைக்குருவியும் மைனாவும் விதையை இன்றும் பரப்புகின்றன. இதில் ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் இருப்பதைக் கலப்பின் அடையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பூவின் வயது. பல வகைகளில் இன்று விரிந்த பூ மஞ்சள். முதிர முதிரச் சிவக்கும்.

கடைசியாக, நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அதுவும் காட்டாமணக்கும் ஒரே குடும்பம் என்பதால், வேலிச் செடியின் மகரந்தம் பட்டுக் கிழங்கு கசந்துவிடுமோ என்ற சந்தேகம் எழுவது இயல்பே. மகரந்தம் விதையைத்தான் பாதிக்கும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைத் தொடாது. குச்சி வெட்டி நடுகிற பயிர் என்பதால் தாய்ச்செடியின் குணம்தான் அப்படியே வரும். கசப்புக்குக் காரணம் கிழங்கிலேயே உள்ள சயனைடு தரும் பொருள். அது ரகத்துக்கு ரகம் வேறுபடும், வறட்சியில் கூடும். தோலைத் தடிமனாகச் சீவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்படியும் கசந்தால் அந்தக் கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள்.